ஒளிச்செவிக்குத் தாழ்மையுடன்

முத்தாறு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஏசி ஒழுங்காக ஓடும் அறைகள் இரண்டுதான். ஒன்று ஆட்சியருடையது, இன்னொன்று மனுக்களுடையது. மின்சாரம் போனால் ஆட்சியர்கூட ஐந்து நிமிடம் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மனு அறையில் அந்தப் பேச்சே கிடையாது. அதற்கென்று தனி ஜெனரேட்டர், தனி பேட்டரி, வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு பலகை. மக்கள் உள்ளே வரும்போது கும்பிட்டுக்கொண்டேதான் வருவார்கள். குளிருக்கா பக்திக்கா என்று யாரும் கேட்டதில்லை.

உள்ளே இருந்தது ஒளிச்செவி. பார்ப்பதற்கு ஒரு இரும்பு பீரோ. அதன் வாயில் மனுவைக் கொடுத்தால் இழுத்துக்கொள்ளும். எழுத்தெல்லாம், சொல்லைப் பொறுத்து மங்கலாகவோ பளிச்சென்றோ, ஒளிப்புள்ளிகளாக மாறி, உள்ளே வரிசையாக நிற்கும் கண்ணாடிகளின் வழியே ஓடும். ஒவ்வொரு கண்ணாடி மேலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் ஒட்டியிருக்கும். மாலிப்டினமும் கந்தகமும் சேர்ந்த படலம், மூன்றே அணு கனம். அப்படி ஒரு லட்சத்தை அடுக்கினால்தான் ஒரு தலைமுடியின் தடிமன் வரும். முதல் கண்ணாடி வாசல் மாதிரி. அதைத் தாண்டிய மனுவை மற்ற கண்ணாடிகள் எந்தத் துறைக்கு என்று பிரித்து அனுப்பும், இயக்குபவரின் மேசையில் பச்சை விளக்கு எரியும். தாண்டாத மனுவுக்கு விளக்கு எரியாது. மனு கொடுத்தவருக்கு இரண்டு விதத்திலும் ஒரே சீட்டுத்தான்: ‘தங்கள் மனு ஒளியால் படிக்கப்பட்டது. நன்றி.’

இதை இயக்கியவர் சேர்மக்கனி. இயற்பியலில் முதுகலை, வயது நாற்பத்து நாலு. ஒரு தனியார் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். அங்கே இயற்பியல் துறையை மூடி உடற்பயிற்சிக் கூடம் ஆக்கியபின், இயந்திரத்தை விற்ற கம்பெனியில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தார். ஒளிச்செவியின் மேல் அவருக்கு இருந்தது சாதாரணப் பெருமை இல்லை. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போதுகூட ஆரம்பித்துவிடுவார். ஒளிக்குச் சாதி தெரியாது, சிபாரிசு தெரியாது, மேசைக்கு அடியில் கை நீட்டத் தெரியாது என்பார். கேட்பவர்கள் இலையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவார்கள்.

பெருமைக்குக் காரணமும் இருந்தது. முன்பெல்லாம் மாதக் கடைசியில் நிலுவை மனுக்கள் நாலாயிரம், ஐயாயிரம் என்று நிற்கும். ஒளிச்செவி வந்தபின் நிலுவை சுழியம். பச்சை எரிந்த மனு அனுப்பப்பட்டுவிட்டது, பச்சை எரியாதது மனுவே இல்லை. நிலுவைக்கு நடுவில் இடம் ஏது. ஆட்சியரின் நேர்முக உதவியாளர் திரவியம் இந்தச் சுழியத்தைச் சட்டம் போட்டு மாட்டாத குறைதான்.

இந்த நிம்மதி, ஒரு திங்கட்கிழமை காலையில் சேர்மக்கனியின் மனைவி சண்முகவடிவு மக்கள் குறைதீர் நாள் வரிசையில் வந்து நின்றதோடு போயிற்று.

வடிவு, பனையடியூர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை. பள்ளியில் இரண்டே அறைகள், நாற்பத்து மூன்று பிள்ளைகள். இரண்டாம் வகுப்பறையின் தெற்குச் சுவர் வெளிப்பக்கமாகச் சாய ஆரம்பித்திருந்தது. வடிவு கொத்தனாரிடம் தூக்குக்குண்டு இரவல் வாங்கி, மேலிருந்து தொங்கவிட்டு, மூன்று விரல்கடை இடைவெளி என்று அளந்தாள். தேதி போட்டு எழுதிக்கொண்டாள். இடித்துக் கட்டக் கேட்டு மனு எழுதினாள். அனுப்புநர், பெறுநர், பொருள், உள்ளடக்கம் என்று ஐந்தாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கிற அதே முறையில் எழுதினாள். ‘ஐயா அவர்கள் கருணை கூர்ந்து மேற்படி சுவரை அகற்ற உத்தரவிடுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டிலேயே புருஷனிடம் கொடுத்திருக்கலாம். அது சிபாரிசு ஆகிவிடும் என்று ஐம்பத்தாறாவது ஆளாக வரிசையில் நின்று, மனுவைக் கொடுத்து, சீட்டை வாங்கிக்கொண்டு, புருஷனைப் பார்த்து யாரோ ஒரு அலுவலருக்கு வைப்பது போல வணக்கம் வைத்துவிட்டுப் போனாள். சேர்மக்கனிக்குப் பூரிப்பு. ஆனால் பச்சை எரியவில்லை.

அன்று சாயங்காலம் அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வடிவு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“பச்சை எரிஞ்சுதா?”

“அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது வடிவு.”

“நான் வெளியா?”

சேர்மக்கனி ஒரு காம்பை நிதானமாக உருவினார். “எரியல” என்றார்.

“ஏன் எரியல? பொய்யா எழுதியிருக்கேன்?”

“பொய்யில்ல. வெளிச்சம் பத்தல.” அவர் குரலில் பழைய வகுப்பறை வந்துவிட்டது. “சாதாரணக் கறுப்புக் கண்ணாடி இருக்குல்லா, அதுல எவ்வளவு வெளிச்சம் விழுந்தாலும் பாதியைப் பிடிக்கும், பாதியை விடும். இந்தப் படலம் அப்படி இல்ல. மங்கலா வந்தா அப்படியே முழுங்கிரும். பலமா வந்தா கொஞ்சத்தை முழுங்கும், அதுக்குள்ள வயிறு நிறைஞ்சிரும், மிச்சத்தை விட்டுரும். சில்லறைச் சத்தத்தையெல்லாம் வடிகட்டிட்டு முக்கியமானதை மட்டும் உள்ள விடத்தான் அது.”

“அப்போ பலமா வாரவன் போவான், மெதுவா வாரவன் போக மாட்டான்.”

“நான் ஒளியைச் சொன்னேன்.”

“நானும் ஒளியைத்தான் சொல்லுதேன்.”

அவளும் ஒரு கொத்தை எடுத்து ஆய ஆரம்பித்தாள். பிறகு வடிவு, “சரி, வாராவாரம் குடுக்கேன். நாலு தடவை முழுங்கினா நாலும் சேர்ந்து வயிறு நிறையாதா?” என்றாள்.

“நிறையாது. ஒரு நொடியை லட்சம் கோடியாப் பிரி. அதுல ஒரு சில பங்கு நேரத்துக்குள்ள அது செரிச்சிரும், மறுபடி பசிக்கும். அதுக்கு எல்லாமே முதல் மனுதான்.”

“முன்ன ஒரு குமாஸ்தா இருந்தாரு. நாலாவது தடவை போனா மூஞ்சியைப் பார்த்ததுமே சலிச்சுக்கிடுவாரு. அந்தச் சலிப்பாவது மிச்சம் இருந்துச்சு” என்றாள் வடிவு. “முழுங்கின வெளிச்சமெல்லாம் எங்க போவுது?”

“சூடா மாறிரும். அதுக்குத்தான் ஏசி.”

வடிவு கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு மின்விசிறி கேட்டு அவள் ஆறு வருஷமாக எழுதிக்கொண்டிருப்பது அவருக்கு அப்போது ஞாபகம் வந்து தொலைத்தது.

இரண்டாம் திங்கள், மூன்றரை விரல்கடை. மூன்றாம் திங்கள், நாலு. பிள்ளைகளையெல்லாம் ஒரே அறையிலும் வராந்தாவிலும் அடைத்துவிட்டு, சுவருக்கு முன்னால் ஓலைத் தடுப்பு வைத்திருந்தாள். பந்துக்கு ஓலைத் தடுப்பு தெரிவதில்லை. அது அந்தப் பக்கம்தான் ஓடியது, அதன் பின்னால் பிள்ளைகளும் ஓடினார்கள்.

சேர்மக்கனி ஒருநாள் போய்ப் பார்த்தார். சுவரின் அடியில் ஒரு கை நுழையும் விரிசல். கூரையின் ஒரு பக்கம் முழுக்க அந்தச் சுவர் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

“நாலு அப்பாமாரைக் கூட்டிட்டு வந்து கயித்தைக் கட்டி இழுத்துரலாம்னுதான் முதல்ல நினைச்சேன்” என்றாள் வடிவு. “அரசுச் சொத்தை இடிச்சான்னு வேலை போகும், போனா போவுது. ஆனா அந்தச் சுவரைத் தொட்டா கூரை எந்தப் பக்கம் வரும்னு தெரியல. அவங்க மேல விழுந்தா நான் எந்த மூஞ்சியோட அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க? முட்டுக் கொடுத்து முறையா இறக்கணும். அதுக்கு இஞ்சினியர் வரணும். ஐப்பசி பிறக்கப்போவுது.”

சேர்மக்கனிக்குத் தன் இயந்திரத்தின் மேல் முதல் முறையாகச் சந்தேகம் வந்தது அங்கேதான்.

மறுநாள் மதியம், சாப்பாட்டு வேளையில் அறை காலியாக இருந்தபோது, வடிவின் மனுவை மறுபடி உள்ளே விட்டு, வெளிச்சத்தின் அளவைக் காட்டும் மீட்டரைப் பார்த்தார். ஒவ்வொரு சொல்லாகத் தாள் துண்டால் மறைத்து மறைத்து விட்டுப் பார்த்தார். ‘சுவர்’ என்பதை மறைத்தாலும் மறைக்காவிட்டாலும் முள் அசையவில்லை. ‘பிள்ளைகள்’ என்ற சொல்லுக்குத் துளி ஏறியது. கடைசி வரியில் ‘தாழ்மையுடன்’ என்பதை மறைத்தபோது முள் பாதி தூரம் துள்ளியது.

அவருக்குப் புரிந்துவிட்டது. ஒளிச்செவிக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. முப்பது வருட மனுக்களையும், எந்த மனுவுக்கு அலுவலகம் எழுந்து ஓடியது, எதற்கு அசையாமல் இருந்தது என்பதையும் காட்டினார்கள். அது பார்த்துத் தெரிந்துகொண்டது. காரியம் நடந்த மனுக்களில் ‘தாழ்மையுடன்’ அநேகமாக இல்லை. செல்வாக்கு உள்ளவர்கள் தாழ்மையாக எழுதுவதில்லை. பாதிப் பேர் எழுதுவதே இல்லை, போனில் சொல்லிவிடுவார்கள். தாழ்மையாகக் கேட்டவர்கள் எல்லாம் முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். ஆகவே அந்தச் சொல் வந்ததும் ஒளிச்செவி விளக்கைத் தணித்துக்கொண்டது.

இதை முதுகலைப் பட்டம் இல்லாமலேயே கண்டுபிடித்த ஒருவர் வாசலில் இருந்தார். சைக்கிள் ஸ்டாண்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மனு எழுதிக்கொடுக்கும் மாடக்கண்ணு.

“அந்த வார்த்தையை நான் விட்டு ஆறு மாசம் ஆச்சே சார்” என்றார் அவர். “இப்போ எல்லாம் ‘கடுமையாக எச்சரிக்கிறோம்’தான். போன மாசம் ஒருத்தர் வந்தாரு, பக்கத்து வீட்டுச் சேவல் சீக்கிரம் கூவுதுன்னு. ‘மாநிலம் தழுவிய மறியல்’னு ஒரு வரி போட்டேன். ரெண்டு தாசில்தார், ஒரு மாட்டு டாக்டர், மூணு ஜீப். சேவலை முன்னாடி, பின்னாடி, பக்கவாட்டுல எல்லாம் போட்டோ எடுத்துட்டுப் போனாங்க.”

சேர்மக்கனிக்கு அந்தச் சேவல் ஞாபகம் இருந்தது. அன்று பச்சை விளக்கு கண் கூசும்படி எரிந்தது. ஏதோ பெரிய அநியாயத்தைத் தன் இயந்திரம் கண்டுபிடித்துவிட்டது என்று அவர் நெஞ்சு நிமிர்த்தியிருந்தார்.

வடிவிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. “மரியாதையா எழுதினா மிஷினுக்குப் பிடிக்காதோ” என்றாள். ஆனால் நாலரை விரல்கடை ஆனதும் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு எழுதினாள். அப்போதும் எரியவில்லை. தேதியும் அளவும் விரல்கடையும் மங்கல் சரக்கு. உண்மை என்பது ஒளிச்செவிக்கு அவ்வளவாக வெளிச்சம் தராத பொருள்.

கடைசியில் மாடக்கண்ணுவே எழுதினார். ‘மேற்படி சுவர் உடனடியாக அகற்றப்படாவிட்டால் மாவட்டமே கொந்தளிக்கும், வீதியெங்கும் ரத்த ஆறு ஓடும், விளைவுகளுக்கு நிர்வாகமே பொறுப்பு.’ வடிவு படித்தாள். ‘கொந்தளிக்கும்’ என்பதில் ஒற்று விட்டுப்போயிருந்ததைத் திருத்தினாள். உதட்டை இறுக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

பச்சை எரிந்தது. சேர்மக்கனி மேசைக்கு அடியில் கையை முஷ்டியாக இறுக்கிக்கொண்டார். பிறகு திரையைப் பார்த்தார். எந்தத் துறை என்ற இடத்தில் ‘காவல்’ என்று இருந்தது.

மறுநாள் இரண்டு காவலர்கள் பள்ளிக்கு வந்தார்கள். கொந்தளிப்பவர்கள் முட்டை போட்ட சத்துணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு காவலர் பைக்கை நிறுத்திவிட்டுச் சுவரில் சாயப் போனார். “அண்ணே, அதுல மட்டும் சாயாதீங்க” என்றாள் வடிவு. அவர் சுவரை மேலும் கீழும் பார்த்தார், நாலடி தள்ளி நின்றுகொண்டார். ‘சட்டம் ஒழுங்கு இயல்பாக உள்ளது’ என்று எழுதிக்கொண்டு போனார். சுவர் அவருடைய துறை இல்லை. அந்த வாரக் கடைசியில் கல்வி அலுவலகத்திலிருந்து வடிவுக்கு ஒரு குறிப்பாணை வந்தது. அரசை மிரட்டும் தொனியில் எழுதியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள்.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். “தாழ்மையா எழுதினா காது கேக்கல. சத்தம் போட்டா மிரட்டுதேன்னு சொல்லுதாங்க. நடுவுல எப்படித்தான் பேசணும்?” என்று கேட்டாள். அழவில்லை, ஆனால் அன்று சாப்பிடவும் இல்லை.

சேர்மக்கனி நேராகத் திரவியத்திடம் போனார். ஓய்வு பெற எட்டு மாதம் இருந்த மனிதர். கோபப்படுவதைக்கூட மிச்சம் பிடித்து வைத்திருந்தார்.

“சார், ஒரு பள்ளிக்கூடச் சுவரு. என்னைக்கு விழும்னு சொல்ல முடியாது. மனு இந்தா இருக்கு, ஒரு கையெழுத்துப் போட்டு இஞ்சினியருக்கு அனுப்புங்க.”

திரவியம் காகிதத்தைத் தொடாமல் கண்ணாடியை மட்டும் இறக்கிப் பார்த்தார். “வே, கையில மனு வாங்கக் கூடாதுன்னு சுற்றறிக்கை இருக்கு. ஒளிச்செவி வழியாத்தான் வரணும். உம்ம மிஷின்தானே வே அது?”

“மிஷின் தப்புப் பண்ணுது சார். மெதுவா கேக்குதவங்களை எல்லாம் முழுங்குது.”

“என்ன தப்பு? நாங்க முப்பது வருசமா கையால செஞ்சதை அது ஒரு நொடியில செய்யுது. நாங்க முழுங்கும்போது நீரு எங்க இருந்தீரு?” அவர் குரலில் கேலிகூட இல்லை. “நிலுவை சுழியம் வே. தலைமைச் செயலகத்துல இருந்து பாராட்டி எழுதியிருக்கான். போயி ஏசியைப் பாரும்.”

ஏசியைப் பாரும் என்றுதான் அவர் சொன்னார். அதற்கு மேல் சொல்லவில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மழை. திங்கள் காலை வடிவு அளந்தபோது ஐந்தரை விரல்கடை. இந்த முறை அவள் முதல் மனுவையே மறுபடி எழுதினாள், ‘தாழ்மையுடன்’ உள்பட. “குறிப்பாணை வாங்குறதா இருந்தா என் மொழியில வாங்கிக்கிடுதேன்” என்று குடையை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போனாள்.

சேர்மக்கனி மனு அறையைத் திறந்தார். பொத்தான்களைப் போட்டார். ஒளிச்செவி கண் விழித்தது. ஏசியின் ரிமோட்டைக் கையில் எடுத்தார். அறை இருபத்திரண்டு டிகிரியில் இருக்க வேண்டும் என்று கையேட்டின் முதல் பக்கத்திலேயே சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. முப்பத்தைந்தைத் தாண்டினால், முதல் கண்ணாடியில் ஒளிப்புள்ளி விழும் இடத்தில் சூடு பல மடங்காகி, படலம் கருகி ஓட்டை விழும். ஓட்டை விழுந்தால் வாசல் திறந்தது மாதிரி, மங்கலும் பிரகாசமும் ஒன்றுதான். இதைச் செய்தால் வேலை போகும். மறுபடி எந்தக் கல்லூரியும் அவரைக் கூப்பிடப் போவதில்லை. அவருக்குப் பயமாக இருந்தது. ஏசியைப் போடாமலே ரிமோட்டை மேசை இழுப்பறையில் வைத்து மூடினார். அவ்வளவுதான். அவர் எதையும் உடைக்கவில்லை, எந்தக் கம்பியையும் அறுக்கவில்லை. ஒரு காரியத்தைச் செய்யாமல் இருந்தார். அரசு அலுவலகத்தில் அது பெரிய குற்றமாக எப்போதும் இருந்ததில்லை.

மழையில் நனைந்த கூட்டம் உள்ளே வர ஆரம்பித்தது. ஓய்வூதியம், தெருவிளக்கு, சாக்கடை, சுடுகாட்டுப் பாதை. மனு மேல் மனுவாக ஒளிச்செவி விழுங்கியது. பத்து மணிக்கு அறை முப்பது டிகிரி. பத்தே முக்காலுக்கு முப்பத்து மூன்று. ஒவ்வொரு தாழ்மையான விண்ணப்பமும் உள்ளே போய் ஒரு துளிச் சூடாக மாறி, போகும் வழியில்லாமல் அங்கேயே நின்றது. நனைந்த துணிகளிலிருந்து ஆவி எழுந்தது. சேர்மக்கனியின் சட்டை முதுகோடு ஒட்டியது.

மூன்று அணு கனமுள்ள பொருள் கருகினால் சத்தம் வராது. பதினொன்று நாற்பதுக்கு, தெருக்குழாயில் மூன்று வாரமாகத் தண்ணீர் வரவில்லை என்று தாழ்மையுடன் தெரிவித்த ஒரு பெரியவரின் மனுவுக்குப் பச்சை எரிந்தது. தற்செயலாக இருக்கும் என்று நினைத்தார். அடுத்ததற்கும் எரிந்தது. அதற்கடுத்ததற்கும். வரிசையில் நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது, அவர்கள் வழக்கம்போலக் கும்பிட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். வடிவு வந்தாள். மனுவைக் கொடுத்தாள். புருஷனுடைய முகத்தைப் பார்த்தாள். பச்சை வெளிச்சம் அவர் மூக்கு நுனியில் விழுந்திருந்தது. திரையில் ‘பொதுப்பணி’ என்று இருந்தது.

அன்று மதியம் முத்தாறு மாவட்டத்தில் பல அலுவலர்கள் தங்களுக்கு வேலை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஒளிச்செவியிலிருந்து வரும் பச்சை மனுவைத் தொடாவிட்டால் தலைநகரத்துத் திரையில் ஊர்ப் பெயர் சிவப்பாகத் துடிக்கும். ஆகவே ஜீப்புகள் ஓடின. குடிநீர் வாரியத்துக்காரர் ஒரு குழாயைத் திறந்து பார்த்து, அதில் உண்மையிலேயே தண்ணீர் வரவில்லை என்று திகைத்தார். மின்வாரியத்தில் ஏணி எங்கே இருக்கிறது என்று தேடினார்கள். இரண்டரை மணிக்குப் பனையடியூருக்கு ஒரு இளம் பொறியாளர் ஜேசிபியோடு வந்தார். சுவரைப் பார்த்ததும் ஜேசிபியைத் தூரத்திலேயே நிறுத்தச் சொன்னார். பிள்ளைகளைச் சாலைக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்து, கூரைக்கு முட்டுக் கொடுத்து முடித்தார்கள். ஜேசிபியின் கை சுவரைத் தொட்டதும் சுவர் விழுந்தது. தொடுவதற்கு முன்பே விழுந்தது என்றும் சொல்கிறார்கள். விழுந்த இடத்தில் ஓலைத் தடுப்பு இருந்த சுவடே இல்லை. அதன் பக்கத்தில் ஒரு பந்து நசுங்கிக் கிடந்தது.

வடிவு எதிர்ச்சாரியில் நின்று பிள்ளைகளை எண்ணினாள். நாற்பத்து மூன்று. மறுபடி எண்ணினாள். மூன்றாவது முறை எண்ணும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

நாலு மணிக்குத் திரவியம் மனு அறைக்கு ஓடி வந்தார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

“வே, மிஷின் கெட்டுப்போச்சு வே. எல்லா மனுவையும் படிக்குது.”

ஐந்து மணிக்கு உத்தரவு வந்தது. பதினொன்று நாற்பது முதல் அனுப்பப்பட்ட மனுக்கள் யாவும் ‘தவறுதலாகப் படிக்கப்பட்டவை’ என்று ரத்து செய்யப்பட்டன. குழாயைத் திறந்தவர் மூடிவிட்டுப் போனார். ஏணி கிடைத்த இடத்திலேயே மறுபடி சாத்தப்பட்டது. பனையடியூர் சுவரையும் ரத்து செய்ய முயன்றார்கள். இடிந்த சுவரை ரத்து செய்வதற்கு விதிகளில் இடமில்லை என்று சட்டப் பிரிவு மிகுந்த வருத்தத்துடன் கருத்துச் சொன்னது.

கம்பெனியிலிருந்து ஆள் வந்து புதுப் படலம் மாற்றினார். காரணம் தெரியவில்லை, இயக்குபவரின் விளக்கம் கிடைத்தபின் அறிக்கை தரப்படும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். விளக்கம் கேட்டுச் சேர்மக்கனிக்கு ஒரு கடிதம் வந்தது. நடந்ததை மறைக்காமல் எழுத வேண்டும், விளக்கம் ஒளிச்செவி வழியாக மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படும் என்று இருந்தது.

சேர்மக்கனி கடிதத்தை வடிவிடம் காட்டினார். “ஏதாவது பொய் சொல்லிருங்க” என்று அவள் சொல்லுவாள் என்று ஒரு கணம் எதிர்பார்த்தார்.

“உண்மையை எழுதுங்க” என்றாள் அவள். “முறைப்படி எழுதுங்க. அனுப்புநர், பெறுநர், பொருள்.” கொஞ்சம் நிறுத்தி, “கடைசி வரி மறந்துராதீங்க” என்றாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் இவ்வளவு வாய்விட்டு அவர் சிரித்ததை வடிவு பார்த்ததில்லை.

அவர் ஒன்றையும் விடவில்லை. ரிமோட்டை இழுப்பறையில் வைத்தது, டிகிரி ஏறியதை மணிவாரியாகப் பார்த்துக்கொண்டிருந்தது, வேண்டுமென்றேதான் செய்தேன் என்பது எல்லாவற்றையும் எழுதினார். ‘தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்’ என்று ஒவ்வொரு பத்தியையும் முடித்தார். வடிவு எழுத்துப்பிழை பார்த்தாள். ஓரிடத்தில், ‘இங்கேயும் ஒன்று போடலாம்’ என்று பென்சிலால் குறித்தாள்.

அடுத்த திங்கள் காலை, கதவு திறந்ததும் முதல் ஆளாகச் சேர்மக்கனியே மனுவைக் கொடுத்தார். மீட்டரின் முள் அசையக்கூட இல்லை. பச்சை எரியவில்லை. சீட்டு வந்தது: ‘தங்கள் மனு ஒளியால் படிக்கப்பட்டது. நன்றி.’ நிலுவை, சுழியம். அவர் சீட்டை மடித்துப் பையில் வைத்தார். அது இளஞ்சூடாக இருந்தது. தப்பித்துவிட்டோம் என்று மூச்சு விட்டுத் திரும்பினார்.

பின்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். மழையில் முழுக்க நனைந்திருந்தாள். மனுவை மட்டும் பாலிதீன் பையில் சுற்றி நனையாமல் வைத்திருந்தாள்.

“சார், ஓடையில பாலம் இல்லாம பிள்ளைங்க கழுத்தளவு தண்ணியில போவுதுன்னு போன வாரம் குடுத்தேன். அன்னைக்கே ஆபீசர் வந்து அளந்தாரு. மறுநாள் வந்து, தப்பா வந்துட்டுன்னு சொல்லி, அடிச்ச குச்சியைப் பிடுங்கிட்டுப் போயிட்டாரு” என்றாள். “நான் எதுவும் தப்பா எழுதலை சார். மறுபடி எழுதிக் கொண்டாந்திருக்கேன். இந்தத் தடவை சரியாப் படிச்சிருமா?”

சேர்மக்கனி மனுவை வாங்கிப் பார்த்தார். கடைசி வரியைத் தேட வேண்டியிருக்கவில்லை. அவரைக் காப்பாற்றிய அதே சொல், அழகான கையெழுத்தில், அடிக்கோடு போட்டு இருந்தது.

தலைக்கு மேலே ஏசி சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவள் தோள்கள் நடுங்கின. அவளுக்குப் பின்னால் வரிசை படி இறங்கி, சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி, வாசல் வரைக்கும் நின்றது. அத்தனை பேரும் நனைந்திருந்தார்கள்.

“ரொம்பக் குளிருதாம்மா?” என்று கேட்டார்.

அந்தப் பெண் சங்கோசத்தோடு, “ஆமா சார், ஈரத்துணி” என்றாள்.

“அப்போ ஏசியைக் கொஞ்சம் நிறுத்திருவோம்” என்று சொல்லி, சேர்மக்கனி இழுப்பறையைத் திறந்தார்.